மாணிக்கம் ஸ்டோர்ஸ் கடிகாரம்

தாரணியின் தோள்பையில் மூன்று பென்டிரைவ், ஒரு மவுஸ், ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். மவுஸ் அவள் சொந்தமாக வாங்கியது. பெங்களூர்க் கடைகளில் கேமரா இருக்கும், பதிவுப் பெட்டி இருக்கும், பெட்டியை இயக்கும் மவுஸ் மட்டும் இருக்காது. இருந்தாலும் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு அம்புக்குறி நகராமல் நின்றுவிட்டிருக்கும்.

கான்ஸ்டபிளாகிப் பதினோரு வருடம். கடைசி நான்கு வருடமாக ஒரே வேலை. ஸ்டேஷன் எல்லைக்குள் எங்கே திருட்டு, அடிதடி, விபத்து நடந்தாலும் அந்தத் தெருவின் கேமராப் பதிவுகளைப் போய் எடுத்துவருவது. ஸ்டேஷனில் அவளைக் கேமரா தாரணி என்றார்கள். தெருவில் பென்டிரைவ் மேடம்.

பெரிய சாலைகளுக்கு அரசாங்கத்தின் கேமராக்கள் உண்டு. அவை ஓடும் வண்டியின் எண்ணைப் படிக்கும். முகத்தை முகத்தோடு ஒப்பிடும். ஒரு கட்டடத்தில் சுவர் முழுக்கத் திரைகளை மாட்டி இரவும் பகலும் பார்க்கிறார்கள். தாரணி ஒருமுறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குளிரில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். ஆனால் திருடுகிறவன் பெரிய சாலையில் நிற்பதில்லை. சந்துக்குள் திரும்பிவிடுகிறான். சந்துக்குள் இருப்பவை மளிகைக் கடைக்காரரும் மசூதிக் கமிட்டியும் ஹாஸ்டல்காரரும் தங்களுக்காக மாட்டிக்கொண்டவை. போலீஸ் அதிகாரமாகக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதிகாரமாகக் கேட்டால் பெட்டி ரிப்பேராகியும் விடும்.

தாரணி கேட்கும் விதம் வேறு. கடைக்குள் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். டீ கொடுத்தால் குடிப்பாள். நீலசந்திராவில் தமிழ், ஸ்டேஷனில் கன்னடம், கறிக்கடையில் அரைகுறை உருது. பேச்சு முடிவதற்குள் பதிவு பென்டிரைவுக்கு வந்திருக்கும்.

அவள் பிறந்து வளர்ந்தது ஜோகுபாளையத்தில். அப்பா கட்டட வேலை. அம்மா ஒரு ஓட்டலில் ஹவுஸ்கீப்பிங். கன்னட மீடியம் அரசுப் பள்ளியில் படித்தாள். போலீஸ் தேர்வில் ஓட்டத்தில் கடைசியாக வந்தவர்களில் ஒருத்தி. எழுத்துத் தேர்வில் முதல் பத்துக்குள். கல்யாணத்துக்குப் பிறகு நீலசந்திராவில் வீடு. கணவன் ரகு டாக்சி ஓட்டுகிறான்.

"எங்க கூட்டிட்டுப் போனாலும் மேல பாத்துக்கிட்டே நடக்குறே. ஜனங்க மழை வருதான்னு என்னக் கேக்குறாங்க," என்பான் ரகு.

நோட்டில் அவள் வரைந்த தெருப்படங்கள் இருந்தன. எந்தக் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, எத்தனை நாள் பதிவு நிற்கும், சாவி யாரிடம். ஒவ்வொரு கேமராவுக்கும் பக்கத்தில் ஒரு எண். பேக்கரி, கூட்டல் மூன்று. பிள்ளையார் கோயில், கழித்தல் ஆறு. அந்தந்தப் பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் விலகி ஓடுகிறது என்பது அது. முன்பு ஒரு வழக்கில், உங்கள் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடியதா என்று ஒரு வக்கீல் கேட்டார். கோர்ட்டில் யாரிடமும் பதில் இல்லை. வழக்கு அன்றே முடிந்தது. அதன் பிறகு தாரணி ஒரு விதி வைத்துக்கொண்டாள். பெட்டியின் திரையையும் தன் போன் காட்டும் நேரத்தையும் ஒரே படத்தில் எடுப்பாள். அது முடிந்துதான் மவுஸைத் தொடுவாள்.

இந்த நோட்டைப் பார்த்துவிட்டு சப் இன்ஸ்பெக்டர் ஸ்ரீவித்யா அவள் பெயரை ஹைதராபாதில் நடக்கும் இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். டிஜிட்டல் சாட்சியங்களைக் கையாளும் பயிற்சி. கான்ஸ்டபிள்களை அங்கே அதிகம் அனுப்புவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில், ஜோகுபாளையத்தில் சுனிதா என்ற பெண் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தாள். ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. பின்னால் ஸ்கூட்டரில் வந்த ஒருவன் அவள் மஞ்சள் கைப்பையைப் பிடித்து இழுத்தான். பை போயிற்று, அவள் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. எதிர்வீட்டுக்காரர் போனிலிருந்து 112க்கு அழைத்தபோது மணி ஏழு நாற்பத்திரண்டு. அந்த நேரம் கணினியில் பதிவாகியிருந்தது, அதில் சந்தேகமில்லை. கறுப்பு ஸ்கூட்டர், சிவப்பு டீ-சர்ட், ஹெல்மெட். சுனிதா பார்த்தது அவ்வளவுதான்.

மறுநாள் தாரணி போன முதல் இடம் மாணிக்கம் ஸ்டோர்ஸ். சந்து முனையில் இருக்கிறது. கேமரா ஷட்டருக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி. உரிமையாளர் இராஜமாணிக்கம் அவளை மூக்கு ஒழுகும் வயதிலிருந்து அறிந்தவர். அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டார். ரகு ஏன் டாக்சியை விற்றுவிட்டு வேன் வாங்கவில்லை என்று கேட்டார். பொட்டுக்கடலை கொடுத்தார். தாரணி கொறித்துக்கொண்டே ஏழு முப்பதிலிருந்து ஏழு ஐம்பது வரை பதிவை எடுத்தாள். படம் எடுக்கவில்லை. மறந்தாள் என்றும் சொல்ல முடியாது. நம்ம கடை என்று இருந்துவிட்டாள். நோட்டில் மாணிக்கம் ஸ்டோர்ஸுக்குப் பக்கத்தில் பூஜ்யம் என்று இருந்தது. அளந்து எழுதியதல்ல.

பதிவில் ஏழு நாற்பதுக்கு ஒரு கறுப்பு ஸ்கூட்டர் வேகமாகக் கடந்தது. சிவப்பு டீ-சர்ட். எண் தெரிந்தது.

வண்டி ஒரு உறவினர் பெயரில் இருந்ததால் ஆளைப் பிடிக்க சனிக்கிழமை ஆயிற்று. பெயர் யுவன், வயது இருபத்துநான்கு, ஊர் திருப்பத்தூர். இரவு முழுக்கச் சாப்பாடு டெலிவரி செய்துவிட்டுக் காலையில் ஜோகுபாளையத்தில் ஒரு ரூமில் தூங்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவித்யா அவனை உட்காரவைத்துக் கேட்டார். ஸ்ரீவித்யா மண்டியாக்காரர். அவர் தமிழ், கண்டோன்மென்ட் ஸ்டேஷன்களில் கற்றது.

"ஏழு நாப்பதுக்கு நீ அந்த ரோட்ல இருந்தியா இல்லியா? அஷ்டே, அவ்ளோதான். அத சொல்லு."

"இல்ல மேடம். ஏழரைக்கெல்லாம் நான் தூங்கிட்டேன் மேடம்."

"யாரு பாத்தாங்க நீ தூங்கறத?"

"யாரும் இல்ல மேடம். ரூம்ல இருக்கவங்க ஆறு மணிக்கே வேலைக்குப் போயிடுவாங்க."

"போன் எங்க?"

"சார்ஜ் செத்துப்போச்சு மேடம். கடைசி ஆர்டர் குடுத்தப்பவே."

"எல்லாருக்கும் அந்த டைம்லதான் சாகும்," என்றார் ஸ்ரீவித்யா.

தாரணி மடிக்கணினியைத் திருப்பி அவனுக்குக் காட்டினாள். அவன் தன்னையே பார்த்தான். தன் வண்டி, டெலிவரி பை தொங்கும் தன் முதுகு, மூலையில் நேரம்.

"நான்தான் மேடம்," என்றான். "ஆனா அது ஏழு நாப்பது இல்ல."

"பெட்டி பொய் சொல்லுமாப்பா?" என்று தாரணி கேட்டாள்.

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தமிழில் கேட்டதால் இருக்கலாம்.

"அக்கா, ஏர்போர்ட் கார்கோவுல வேலை கெடச்சிருக்கு. போலீஸ் வெரிஃபிகேஷன் மட்டும்தான் பாக்கி. இப்ப கேஸ் போட்டீங்கன்னா அது போச்சு. நான் இன்னும் ஊர்ல சொல்லல. கேஸையும் சொல்லல, வேலையையும் சொல்லல."

அவன் ரூமுக்கு எதிரே உள்ள அபார்ட்மெண்டில் கேமரா இருந்தது. செக்ரட்டரி சாவியோடு தர்மஸ்தலா கோயிலுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை வருவார் என்றார்கள். ஸ்ரீவித்யா யோசித்தார். அவனை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தார். பத்து மணிக்கு அவனைக் கைது செய்வது என்று முடிவு. பதிவோடு வைக்க வேண்டிய சான்றிதழைக் காலைக்குள் தயார்செய்யும்படி தாரணியிடம் சொன்னார்.

திங்கள் காலை ஏழு மணிக்கு தாரணி ஸ்டேஷனில் இருந்தாள். சான்றிதழில் பெட்டியின் விவரம், கோப்பின் அளவு, கோப்பை யாரும் மாற்றவில்லை என்பதற்குக் கணினி தரும் நீள எண், எல்லாம் எழுதினாள். கடிகாரம் சரிபார்க்கப்பட்டது என்ற வரி வந்தது. எழுதினாள். கையெழுத்துக்கு முன்னால் பதிவை ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு உண்டு. ஓட்டினாள்.

இதுவரை எல்லோரும் தெருவைத்தான் பார்த்திருந்தார்கள். இப்போது அவள் கண் படத்தின் கீழ் ஓரத்தில் நின்றது. ஒரு வழுக்கைத் தலை. ஷட்டர் மேலே போகிறது. ஒரு கை தட்டில் கற்பூரம் ஏற்றி வாசலுக்கு மூன்று சுற்றுச் சுற்றுகிறது. கடை திறக்கிறார் இராஜமாணிக்கம். மூலையில் நேரம் ஏழு முப்பத்தெட்டு.

திங்கட்கிழமை.

தாரணி பதிவை நிறுத்தினாள். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடியும். இராஜமாணிக்கம் தன் மகளின் பிரசவ ஆட்டோவையே ராகு காலம் முடியட்டும் என்று நிறுத்திவைக்கப் பார்த்தவர். ஏழு முப்பத்தெட்டுக்கு அவர் ஷட்டரைத் தொடமாட்டார். மழையில்லை, வெள்ளமில்லை, சாதாரணத் திங்கட்கிழமை. தொடவே மாட்டார்.

அப்படியானால் அப்போது மணி ஏழரை ஆகியிருக்கவில்லை.

மாணிக்கம் ஸ்டோர்ஸின் சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடும் என்பது அந்தச் சந்துக்கே தெரியும். பள்ளிக்கூடம் போகும்போது அதைப் பார்த்துப் பத்து நிமிடம் கழித்துக்கொண்டு நடந்தவள் அவள். சுவர்க் கடிகாரம் தெரியும். பதிவுப் பெட்டியை அவள் அதோடு சேர்த்துப் பார்த்ததில்லை.

யுவன் கடந்துபோனது பறிப்புக்கு முன்னால். பறித்தவன் அதற்குப் பிறகு கடந்திருக்க வேண்டும். அது அவள் எடுத்துவந்த இருபது நிமிடத்தில் இல்லை. பெட்டியில்தான் இருந்தது. நோட்டைத் திறந்தாள். மாணிக்கம் ஸ்டோர்ஸ், ஏழு நாள். அந்தப் பெட்டியில் ஏழு நாள் நிறைந்ததும் பழைய நிமிடத்தின்மேல் புது நிமிடம் பதியும். கடிகாரம் எப்படி ஓடினாலும் ஏழு நாள் ஏழு நாள்தான். போன திங்கள் ஏழு நாற்பது, இந்தத் திங்கள் ஏழு நாற்பதுக்கு அழியும். போனில் மணி பார்த்தாள். ஏழு பன்னிரண்டு.

இருபத்தெட்டு நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும். பெட்டி தானே அழித்துவிடும். அவள் எழுதிய பூஜ்யம் தப்பு என்று காட்ட அதன்பிறகு ஒன்றும் இருக்காது. ஹைதராபாத் இருக்கும்.

இராஜமாணிக்கத்தின் எண்ணை அழைத்தாள். அவர் மனைவி எடுத்தாள்.

"அவரு கடைக்குப் போயிட்டாரும்மா. போன் இங்க சார்ஜுல கெடக்கு. ஏன், என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல அத்தே."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் ஸ்கூட்டர் இரண்டாவது உதையில் கிளம்பியது. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. யூனிஃபார்மைப் பார்த்தும் யாரும் வழிவிடவில்லை. கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஏழு முப்பத்திரண்டு.

இராஜமாணிக்கம் கல்லாவில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அரிசி மூட்டையின்மேல் பூனை.

"வாடாம்மா. என்ன இவ்ளோ காத்தால?"

"மாமா, கேமரா பொட்டியப் பாக்கணும். ஜல்தி."

"ஒம்போது மணிக்கு வா."

"மாமா..."

"ராகு காலம் ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு. சாமான் கேட்டா குடுப்பேன். புதுசா எதையும் தொறக்கவும் மாட்டேன், தொடவும் உடமாட்டேன். நீ போலீசா இருந்தாலும் சரி, போலீசுக்கு மேல இருந்தாலும் சரி."

"ஒம்போது மணிக்கு அதுல ஒண்ணும் இருக்காது மாமா. ஒரு பையன் ஜெயிலுக்குப் போயிடுவான்."

"எந்தப் பையன்?"

"செய்யாத பையன்."

இராஜமாணிக்கம் பூனையைப் பார்த்தார். பிறகு சாமி படத்தைப் பார்த்தார். கை இன்னும் கட்டித்தான் இருந்தது.

"புது வேலைம்மா. ராகு காலத்துல ஆரம்பிச்சா அந்தப் பையனுக்கே ஆகாது."

தாரணி பையிலிருந்து மவுஸை எடுத்தாள்.

"புதுசு இல்ல மாமா. போன செவ்வாக்கிழம உங்க கடையில ஆரம்பிச்ச வேல. பொட்டுக்கடல குடுத்தீங்களே, அன்னிக்கு. அத இன்னிக்கு முடிக்கிறேன். முடிக்கறதுக்கு ராகு காலம் உண்டா?"

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. மணி ஏழு முப்பத்துநாலு.

"முடிக்கறதுக்கு இல்ல," என்றார். "முடிக்கலாம்."

பெட்டி ஊறுகாய் அலமாரிக்கு மேலே இருந்தது. ஸ்டூலில் ஏறி மவுஸைச் செருகினாள். இந்த முறை முதலில், மேலும் அழியாதபடி, பதிவை நிறுத்தினாள். பிறகு போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரமும் விழும்படி படம் எடுத்தாள். போனில் ஏழு முப்பத்தாறு. பெட்டியில் ஏழு ஐம்பத்தெட்டு.

கீழே பார்த்தாள்.

"மாமா, உங்க கடிகாரம் பத்து நிமிஷம்தானே ஃபாஸ்டு?"

இராஜமாணிக்கம் அலமாரிப் பக்கம் திரும்பினார். ஒரு பாக்கெட் சேமியாவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"இருபத்திரண்டு காட்டுது."

"கேமராகாரன் மாட்ட வந்தப்ப டைம் என்னான்னு கேட்டான். சொவத்தப் பாத்துக்கோன்னேன்."

"சொவத்துலயே இருபத்திரண்டா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். கடையில் வேறு யாருமில்லை.

"ராகு காலத்துக்கு முன்னாடி கடைய தொறக்கணும்னுதான் பத்து நிமிஷம் ஏத்தி வெச்சேன். ஊட்ல எல்லாரும் பத்தக் கழிச்சுக்கிட்டு நிதானமா காபி போட ஆரம்பிச்சாங்க. தெருவே கழிக்குது. நீயும்தான் கழிச்சே. அப்புறம் என்னா பண்றது? யாருக்கும் சொல்லாம இன்னும் பன்னெண்டு ஏத்திட்டேன்."

"எப்போ?"

"நீ எட்டாவது படிக்கும்போது."

அந்த வருடம் அவள் தினமும் சரியான நேரத்துக்கு முன்னால் பள்ளிக்குப் போய் வாசலில் நின்றது தாரணிக்கு ஞாபகம் வந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள். போன திங்கள், பெட்டி நேரம் எட்டு மணி. ஒரு நாய். பால் கவர் வாங்கிப்போகும் ஒரு அம்மா. எட்டு மணி இரண்டு நிமிடம். கறுப்பு ஸ்கூட்டர், சிவப்பு டீ-சர்ட். இவன் தோளில் டெலிவரி பை இல்லை. யுவனைவிடத் தடிமன். கால் வைக்கும் இடத்தில் மஞ்சள் நிறமாக ஒன்று, வார் வெளியே தொங்க. சுனிதா தன் பைக்குச் சொன்ன நிறம். எண் பலகையில் பாதியை எதையோ ஒட்டி மறைத்திருந்தான்.

இராஜமாணிக்கம் கீழிருந்து எட்டிப் பார்த்தார்.

"கெடச்சானா?"

"கெடச்சான்."

"ராகு காலத்துலயேவா," என்றார் அவர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

எட்டரை மணிக்கு ஸ்ரீவித்யா வந்தார். தாரணி இரண்டு பதிவுகளையும் படத்தையும் காட்டினாள். காட்டி முடித்துவிட்டு, தான் எழுதிவைத்திருந்த சான்றிதழையும் மேசையில் வைத்தாள். கடிகாரம் சரிபார்க்கப்பட்டது என்ற வரியில் விரலை வைத்தாள்.

"இது நான் பாக்காம எழுதினது மேடம்."

ஸ்ரீவித்யா நாற்காலியைப் பின்னால் தள்ளினார். அவர் கோபம் கன்னடத்தில்தான் வரும். வந்தது. அந்தப் பையனைச் சிறைக்கு அனுப்பியிருந்தால் யார் பொறுப்பு என்பதுதான் அதன் சாரம். நான்தான், என்றாள் தாரணி. அதைக் கேட்டதும் ஸ்ரீவித்யா நிறுத்தினார். படத்தை மறுபடி பார்த்தார். போனில் ஏழு முப்பத்தாறு, பெட்டியில் ஏழு ஐம்பத்தெட்டு.

"இத எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"கடைக்காரரு ராகு காலத்துல கடை தொறக்கமாட்டாரு மேடம். பதிவுல தொறக்கறாரு."

"இத நான் கேஸ் டைரில எப்படி எழுதறது?" என்றார் ஸ்ரீவித்யா.

சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. இருவரும் சிரிக்கவில்லை.

"கடிகாரம் தப்புன்னு மட்டும் எழுதுங்க மேடம். அளக்கலைன்னு நான் எழுதித் தரேன்."

"எழுதிக் குடுங்க. மெமோ வரும்."

"வரட்டும் மேடம்."

தர்மஸ்தலாவிலிருந்து திரும்பிய செக்ரட்டரி ஒன்பதேகாலுக்கு அபார்ட்மெண்ட் கதவைத் திறந்தார். அங்கே தாரணி முதலில் படம் எடுத்தாள். வித்தியாசம் பூஜ்யம். அந்தப் பெட்டியில் பதிவு ஒரு மாதம் நிற்கும். போன திங்கள் ஏழு இருபத்துநாலுக்கு யுவன் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, கொட்டாவி விட்டுக்கொண்டே படியேறினான். மாலை ஐந்து மணிவரை அந்த வண்டி நகரவில்லை.

பத்து மணிக்கு அவன் வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் டூத்பிரஷ்ஷும் லுங்கியும் இருந்தன. சிறைக்கு என்னென்ன கொண்டுபோகலாம் என்று யாரையோ விசாரித்திருந்தான்.

"உக்காருப்பா," என்றாள் தாரணி. "நீ சொன்னது சரி. அது ஏழு நாப்பது இல்ல. ஏழு பதினெட்டு."

அவன் உட்காரவில்லை. புரிந்ததா என்று தெரியவில்லை.

"பெட்டி பொய் சொல்லுமான்னு கேட்டேனே. சொல்லிச்சு. நான் அத அளக்கல. தப்பு என்னுது."

"அப்ப கேஸ்?"

"உன்மேல இல்ல. எழுதித் தருவாங்க."

யுவன் மெதுவாக உட்கார்ந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்.

"அக்கா, நான் தூங்கப் போறதுகூடவா கேமராவுல இருக்கு?"

"கொட்டாவி விட்டது வரைக்கும்."

"பாக்கலாமா?"

காட்டினாள். அவன் தன் கொட்டாவியை இரண்டு முறை பார்த்தான். பிறகு வெளியே போய், ஸ்டேஷன் மரத்தடியில் நின்று, ஊருக்கு போன் போட்டான். சன்னல் வழியாகக் குரல் கேட்டது. ஏர்போர்ட்டில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றதைச் சொல்லவில்லை.

சரியான நேரம் கிடைத்தபிறகு மற்ற கேமராக்கள் வரிசையாகப் பேசின. பேக்கரிக்கு மூன்றைக் கழித்தாள். பிள்ளையார் கோயிலுக்கு ஆறைக் கூட்டினாள். ஒன்றில் மறைந்தவன் அடுத்ததில் வந்தான். பிரேசர் டவுன் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி, எண் பலகையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தான். அங்கிருந்து பெரிய சாலையில் ஏறினான். அங்கே அரசாங்கத்தின் கேமரா எண்ணைப் படித்து வைத்திருந்தது. வியாழக்கிழமை போலீஸ் போனபோது அவன் வீட்டில் இருந்தான், பையும் இருந்தது. சுனிதா இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே இருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, பத்து நாள் பழைய புளிசாதத்தை ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் கொட்டினாள்.

மெமோ வந்தது. தாரணி ஒரு பக்கம் பதில் எழுதினாள். ஹைதராபாத் பட்டியல் வந்தபோது அதில் அவள் பெயர் இல்லை. அதற்கடுத்த பட்டியலில் இருந்தது. இடைப்பட்ட மாதங்களில் ஸ்டேஷன் எல்லையில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி அளந்தாள். ஸ்ரீவித்யா அவளோடு இரண்டு புது கான்ஸ்டபிள்களை அனுப்பினார். அவர்களுக்கும் மவுஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னாள் தாரணி. ஏர்போர்ட் வெரிஃபிகேஷன் காகிதம் ஒருநாள் ஸ்டேஷனுக்கு வந்தது. யுவனின் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை என்று ஸ்ரீவித்யா கையெழுத்திட்டார்.

மாணிக்கம் ஸ்டோர்ஸுக்கு அவள் ஒரு புதன்கிழமை போனாள். அன்றைய ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பெட்டியின் கடிகாரத்தைச் சரிசெய்ய இராஜமாணிக்கம் சம்மதித்தார். கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

"சொவத்துலயும் சரி பண்ணிடட்டுமா மாமா?"

"அதத் தொடாதே."

"போலீசுக்குக்கூடவா?"

"போலீசு கேமராவப் பாத்துக்கட்டும். சொவரு என்னுது." பிறகு தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார். "பன்னெண்டு வெளிய தெரியக் கூடாது தாரணி. தெரிஞ்சா அதையும் கழிச்சுடுவாங்க."

தாரணி படம் எடுத்தாள். நோட்டில் பழைய பூஜ்யத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போட்டுப் புதிய பூஜ்யம் எழுதினாள். இது அளந்தது. அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், சுவர்: கூட்டல் இருபத்திரண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது, என்று எழுதி நோட்டை மூடினாள்.